ஒரே மகளுக்கு இரண்டு பூசை

1944 ஏப்ரல் 20, வியாழன்

லூயிசா மூன்றாம் பாரம் பாஸ். கணக்கில் வகுப்பிலேயே முதல். தையலில் கடைசிக்கு முந்தினவள். அவள் அப்பா இரண்டுக்கும் சேர்த்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எங்கள் பங்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் பாரத்தோடு, எட்டாவதோடு, சரி. அங்கே இரண்டாம் வகுப்புக்கு நான் டீச்சராக இருந்து என்ன, என் மகளை இனி வேறு பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்க வேண்டும். அவளுக்குச் சரித்திரம் வேண்டாமாம், சங்கீதம் வேண்டாமாம். அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி, பௌதிகம் எல்லாம் உள்ள கணிதப் பிரிவுதான் வேண்டுமாம். அது இருந்தால்தான் நாளைக்குக் காலேஜில் கணக்கு படிக்கலாமாம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் அதை யார் நடத்துகிறார்கள்? என் காலத்தில் ஆண்பிள்ளைகள் அல்ஜீப்ரா படித்த நேரத்தில் எங்கள் கையில் ஊசியும் நூலும் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

ரேஷன் அரிசியில் இன்றும் கல். பொறுக்கிப் பொறுக்கிக் கண் போயிற்று.

ஏப்ரல் 22, சனி

நடத்துகிறார்கள். அதுவும் இரண்டு இடத்தில்!

காலைப் பூசை முடிந்ததும் மடத்து மதர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எங்கள் தெருமுனைக் கன்னியர் மடத்தில், அதாவது அமலோற்பவ மாதா பெண்கள் ஹைஸ்கூலில், இந்த ஜூனிலிருந்து கணிதப் பிரிவு தொடங்குகிறார்களாம். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். லூயிசா அப்பா முந்திக்கொண்டார். ஹார்பர் ஆபீசில் யாரோ சொன்னார்களாம், மயிலாப்பூர் லஸ் பக்கம் விசாலாக்ஷி பெண்கள் ஹைஸ்கூலில் அதே பிரிவு நாலு வருஷமாக நடக்கிறது என்று.

ஒரே பாடம், ஒரே புத்தகம், ஒரே சர்க்கார் பரீட்சை. பிறகு எதற்குச் சண்டை? அப்படியும் போட்டோம். நான் படித்த மடம் அது. என்னை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பியவர்களும் அவர்கள்தான். ஜெபமாலை உண்டு. ராணுவ லாரி பறக்கும் ரோட்டைத் தாண்ட வேண்டியதில்லை. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், "உன் மடத்துல இன்னும் கரும்பலகையே மாட்டல வெரோனி. அங்க சூடாமணின்னு ஒரு டீச்சரம்மா, பி.ஏ. கணக்கு. அவங்க கிட்ட படிச்ச பொண்ணு ஒண்ணுகூட ஃபெயில் ஆகல" என்றார்.

கத்தோலிக்கப் பிள்ளையை வேற்றுப் பள்ளியில் சேர்க்க பிஷப்பின், மேற்றிராணியார் ஆண்டவரின், உத்தரவு வேண்டும் என்பது இந்த மனிதருக்குத் தெரியாதா? தெரியும். வாங்கிவிடலாமாம்!

ஏப்ரல் 25, செவ்வாய்

மாதாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். லூயிசா மடத்தில் சேர்ந்தால் அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி நேர்ச்சை. பாவாடைக்கு அளவு என்று சொல்லி அவளைக் கதவோரம் நிறுத்தி நூல் பிடித்தேன்.

"பாவாடைக்கு எதுக்கும்மா தலை வரைக்கும் அளக்கறே?" என்றாள். கணக்குத் தெரிந்த பிள்ளையிடம் பொய் சொல்வது கஷ்டம்.

கோயில் உபதேசியார் ஞானதாஸிடம் காசு கொடுத்து ஒரு பூசைக்கும் சொல்லிவைத்தேன். வழக்கமாக எல்லாரும் 'தனி வேண்டுதல்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். ஞாயிறன்று வாரப் பூசைகளை வாசிக்கும்போது பங்குச் சாமியாரும் அப்படியே வாசித்துவிடுவார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. மேலே இருப்பவர்களுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று சந்தேகம் வரக்கூடாதே! பேரோடு முழுசாகச் சொன்னேன். உபதேசியார் தலையைச் சொறிந்தார். ஏதோ சொல்ல வந்து விழுங்கிவிட்டார்.

ஏப்ரல் 30, ஞாயிறு

என்ன மானக்கேடு. இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்?

ராஜநாயகம் சாமியார் பிரசங்கம் முடித்தார். கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு வாசித்தார். பிறகு இந்த வாரப் பூசைகள். "திங்கள் பூசை, வில்லியம் மனைவி வெரோனிகாவுக்காக. மகள் லூயிசா அமலோற்பவ மாதா பள்ளியில் சேர வேண்டும்." எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாமியார் தாளைக் கிட்டத்தில் கொண்டுபோய் ஒரு தடவை பார்த்தார். "செவ்வாய் பூசை, வெரோனிகா புருஷன் வில்லியமுக்காக. மகள் லூயிசா விசாலாக்ஷி பள்ளியில் சேர உத்தரவு கிடைக்க வேண்டும்."

 ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை. மீனவக் குப்பத்துப் பெண்கள் ஒளிக்கக்கூட இல்லை, வாய்விட்டே சிரித்தார்கள். முக்காட்டு ஓரமாக எதிர்ப்பக்கம் பார்த்தேன். என் மகாராஜா அன்றைக்குத்தான் புதிதாக வைத்தது போல சவேரியார் சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அதே உபதேசியாரிடம் போயிருக்கிறார்! அவரும் பேரோடு சொல்லியிருக்கிறார்!

பக்கத்தில் லூயிசா ஜெபப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று தொட்டுப் பார்த்தால் சிரிப்பு. வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுதாள். அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

மே 1, திங்கள்

கீரைக்காரி தேவானை கூடையை இறக்குமுன்னேயே: "இன்னா டீச்சரம்மா, உங்கூட்டுல ரெண்டு பூசையாமே? எது கெலிச்சுது?"

மே 3, புதன்

சாமியார் கூப்பிட்டனுப்பினார். இருவரும் போனோம். வழியெல்லாம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் சைக்கிள்காரன் ஒருவன் இடிக்க வந்தபோது அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு விடவும் இல்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். சாமியார், "நீங்க ரெண்டு பேரும் உங்க ஸ்கூல நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. அடுத்தவர் ஸ்கூலப் போய்ப் பாத்தீங்களா?" என்றார்.

இல்லை.

"பிள்ளையக் கேட்டீங்களா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கேட்கவில்லை. இரண்டு பூசைக்குக் காசு கொடுத்த பெற்றோர், பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! ஜூனில் பள்ளிக்கூட ஆபீஸ் திறந்ததும் இரண்டையும் மூவருமாகப் போய்ப் பாருங்கள், மயிலாப்பூர்தான் என்று முடிவானால் மேற்றிராணியார் ஆண்டவருக்கு நானே எழுதுகிறேன் என்று அனுப்பிவைத்தார்.

லூயிசாவிடம் கேட்டோம். "பாத்துட்டு சொல்றேன்" என்றாள். யாரைக் கொண்டு இவ்வளவு அழுத்தமோ.

ஜூன் 5, திங்கள்

விசாலாக்ஷி பள்ளிக்குப் போனோம். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன் என்பதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

சூடாமணி டீச்சர் குள்ளமாக, ஒல்லியாக இருக்கிறார். புடவைத் தலைப்பெல்லாம் சாக்கட்டித் தூள். "வாங்கோ, வெயில்ல வந்திருக்கேள், உக்காருங்கோ" என்றார். தண்ணீர் கொடுப்பார்களோ மாட்டார்களோ என்று எனக்கு ஒரு யோசனை. கொடுத்தார். குடித்த டம்ளரை அவரே கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பிறகு எங்களை மறந்துவிட்டார். பலகையில் ஒரு முக்கோணம் போட்டு லூயிசாவிடம், "மூணு கோணத்தையும் கூட்டினா ரெண்டு செங்கோணம்னு படிச்சிருப்பே. ஏன் அப்படி வரணும்? புஸ்தகத்துல போட்டிருக்குன்னு ஒத்துக்காதே. எனக்குச் சொல்லு" என்றார்.

என் பெண் சாக்கட்டியை எடுத்தாள். ஒரு கோடு போட்டாள், அழித்தாள். இன்னொன்று போட்டாள், அதையும் அழித்தாள். டீச்சர் உதவவே இல்லை. எனக்கு எழுந்துபோய்க் கையைப் பிடிக்கலாமா என்று இருந்தது. அப்புறம் முக்கோணத்தின் உச்சியில், அடிக்கோட்டுக்கு இணையாக ஒரு கோடு இழுத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஓ!" என்றாள். அவ்வளவுதான்.

அவள் திரும்பியபோது அந்த முகம்! முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கின அன்றைக்குப் பார்த்தேன் அப்படி ஒரு முகம். அதற்குப் பிறகு இன்றுதான்.

மாதாவே, நான் கேட்டதைத் தயவுசெய்து கொடுத்துவிடாதே.

ஜூன் 7, புதன்

மடம். புது அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். கரும்பலகை மாட்டியாகிவிட்டது, அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பௌதிகத்துக்கு ஒரு மேஜையும் பூட்டின அலமாரியும். உள்ளே ஒன்றும் இல்லை. சாமான்கள் கப்பலில் வரவேண்டுமாம். யுத்தத்தில் எந்தக் கப்பல் எப்போது வரும்? கற்பிக்கப் போகிற சிஸ்டர் திருச்சியிலிருந்து வந்த சின்னப் பெண். நல்ல பிள்ளை. இதுதான் நடத்தப்போகிற முதல் வகுப்பு.

மதர் மறைக்காமல் சொன்னார்கள். ஆறு பெண்கள் இருந்தால்தான் பிரிவு நடத்தக் கல்வி இலாகா அனுமதிக்குமாம். இதுவரை ஐந்து. அந்த ஐந்தில் குப்பத்து ஜோனும் ஒருத்தி. என்னிடம் இரண்டாம் வகுப்புப் படித்தவள், லூயிசாவின் உயிர்த்தோழி. பள்ளிக்கூடச் சம்பளம் வாங்காமல் அவளை மடத்தில்தான் எடுப்பார்கள், வேறு எங்கும் முடியாது.

திரும்பினதும் லூயிசா ஜோனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டு வந்தாள். 

ஜூன் 8, வியாழன்

லூயிசா மடத்துக்குத்தான் போவாளாம்.

"லஸ் ஸ்கூல் பிடிக்கலையாடி?"

"ரொம்பப் பிடிச்சுது."

"அப்புறம் இன்னாத்துக்குடி?"

 எனக்குத் தெரியாதா என்ன. ஆறாவது ஆள் இவள்! ஜோனுக்காக. ஒரு காலி அலமாரிக்கு என் பொண்ணு போவணுமா? அந்த முகத்தை நான் பாத்தேனே, இவ பாக்கலையே தன் முகத்த! கத்தினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதற்கும் சேர்த்துக் கத்தினேன். அவர் வந்து பாலை இறக்கிவைத்துவிட்டு, "நீ கேட்டது கிடைச்சிருக்கு வெரோனி" என்றார். கேலி இல்லை, பாவமாகத்தான் சொன்னார். அதனால்தான் அழுகை வந்துவிட்டது.

ஜூன் 10, சனி

ஜோனின் அம்மா சவேரியம்மா வந்தாள். வாசலிலேயே நின்றாள். முறத்தில் சங்கரா மீன்.

"எம்பொண்ணுக்காவ உம்பொண்ணு நிக்க வாணாம் டீச்சர். நாளைக்கு ஒரு பேச்சு வரும், 'உன்னாலதான் நான் கெட்டேன்'னு. அது எங்களுக்கு வாணாம். க்ளாஸ் இல்லாங்காட்டி ஜோன் சரித்திரம் படிக்கட்டும். அதுவும் படிப்புதானே."

"உள்ள வா சவேரி."

"மீன் கெட்டுடும், வாங்கிக்க." போய்விட்டாள். நேற்று வரைக்கும் இவள் கெஞ்ச வருவாள், நான் எப்படி முகம் கொடுப்பது என்றல்லவா பயந்துகொண்டிருந்தேன்!

ஜூன் 11, ஞாயிறு

சவேரியம்மா வந்துபோனதை லூயிசாவிடம் சொன்னேன். இனி உனக்குக் கட்டாயமில்லை என்றேன்.

நேற்றைய குழம்பு மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "ஜோனுக்காக மட்டும் இல்லம்மா. சூடாமணி டீச்சர் கிட்ட நெறைய பேர் இருக்காங்க. நான் போகாட்டியும் அந்த க்ளாஸ் நடக்கும். இங்க நான் போகாட்டி அஞ்சு பேருக்கு க்ளாஸே இல்ல. கூட்டிப் பாத்தா இதானே சரி?"

 இந்தக் கணக்கை நான் போடவே இல்லை. அவரும் போடவில்லை. அவர் இன்னொரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, "நல்ல மீன்" என்றார்.

என் பெண்ணை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

ஜூன் 16, வெள்ளி

நேர்ச்சை நேர்ச்சைதான். மெழுகுதிரிக்காரர் வலியுல்லா பாய் யுத்த காலத்தில் இவ்வளவு மெழுகுக்கு எங்கே போவது என்று அலுத்துக்கொண்டே வார்த்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து லூயிசா பக்கத்தில் நிறுத்தினால் குள்ளம்! ஏப்ரலில் பிடித்த நூல், அதற்குள் வளர்ந்திருக்கிறாள். மாதா என்னுடைய அளவு எல்லாவற்றையும் பொய்யாக்குவது என்று இருக்கிறாள் போலிருக்கிறது. குறைக்குச் சின்னத் திரி ஒன்றைச் சேர்த்து ஏற்றினேன்.

ஜூன் 19, திங்கள்

வகுப்பு தொடங்கியது. ஆறு பேர். ஜோன் பின்னல் ரிப்பனிலிருந்து செருப்பு வரை எல்லாம் கழுவிப் போட்டு வந்திருந்தாள்.

ஜூன் 24, சனி

அந்தக் காலி அலமாரி என்னைத் தூங்கவிடவில்லை. யாரிடமும் சொல்லாமல் லஸ்ஸுக்குப் போனேன். வேண்டாம் என்று போனவளின் அம்மா எந்த மூஞ்சியோடு போவது? போனேன். லூயிசா போட்ட கணக்கைச் சூடாமணி டீச்சரிடம் அப்படியே சொன்னேன்.

கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அந்தக் குழந்தை கிடைக்கலையேன்னு ரெண்டு நாள் சாதமே இறங்கலை, தெரியுமோ?" என்றார். பிறகு, "சனிக்கிழமை கார்த்தால எங்க பொண்களுக்குப் பௌதிகம் செஞ்சு காட்டிண்டிருப்பேன். அப்புறம் ஒரு மணி அல்ஜீப்ரா. ஆறு பேரையும் அழைச்சுண்டு வாங்கோ. ஹெட்மிஸ்ட்ரஸ் கிட்ட நான் பேசிக்கறேன். பெரியவா ஒருத்தர் கூட இருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

மதர் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். சிஸ்டருக்கும் ஆசைதான், மடத்து ஒழுங்கு விடவில்லை. சாமியாரிடம், இதற்கு மேற்றிராணியார் ஆண்டவர் உத்தரவு வேண்டுமா என்று கேட்டேன். "சேர்றதுக்குத்தானே உத்தரவு? போய்ப் பாத்துட்டு வர்றதுக்கு எதுக்கு?" என்றார்.

பெரியவர் யார் என்பதுதான் கேள்வி. லூயிசா அப்பாவுக்குச் சனிக்கிழமை ஆபீஸ். மற்றவர்களுக்கு வேலை. எனக்குத்தான் பள்ளி விடுமுறை.

ஜூலை 8, சனி

கோழியும் குஞ்சுகளுமாகப் போனோம். லாரி வரும்போதெல்லாம் நான் கத்த, அவர்கள் சிரிக்க. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து லேஸ் பின்னினேன். விசாலாக்ஷி பெண்கள் முதலில் எங்களை முறைத்தார்கள். ஜோன் தராசுக் கணக்கில் அவர்களுக்கு முந்திப் பதில் சொன்ன பிறகு முறைக்கவில்லை.

ஜூலை 29, சனி

லேஸ் முழுக்கப் பிரிக்க வேண்டியதாயிற்று. பலகையைப் பார்த்துக்கொண்டே பின்னியதில் கண்ணி எல்லாம் தப்பு.

தெரியாத எண்ணுக்கு ஒரு பேர் வைத்து, தெரிந்ததைப் போலவே அதைக் கூட்டிக் கழித்துக்கொண்டு போகிறார்கள். கடைசியில் அதுவே தன்னைச் சொல்லிவிடுகிறது! இவ்வளவுதானா? இதைத்தானா எங்களுக்குத் தரவில்லை?

ஆகஸ்ட் 19, சனி

சூடாமணி டீச்சர் ஆஜர் எடுத்தார். எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு முடித்தார். ஜோன், லூயிசா. தலையைத் தூக்காமல் அதே குரலில், "வெரோனிகா" என்றார்.

எழுந்து நின்றுவிட்டேன். "ஆஜர் டீச்சர்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மடியிலிருந்த நூல்கண்டு உருண்டு லூயிசா காலடி வரைக்கும் போயிற்று. வகுப்பே திரும்பிப் பார்த்தது. என் பெண் சிரிக்கவில்லை. நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, அதோடு ஒரு பென்சிலையும் என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

"அம்மா, அந்தப் பக்கம் கொண்டுபோனா கூட்டல் கழித்தலாயிடும். எத்தன தடவ சொல்றது?" இரண்டாம் வகுப்பில் நான் பிள்ளைகளை அதட்டுகிற அதே அதட்டல். அவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிரிக்கிறார். பேப்பர் ஆடுவது எனக்குத் தெரியாதா.

செப்டம்பர் 10, ஞாயிறு

சாமியார் ஓலை வாசித்தார். பிறகு வாரப் பூசைகள். இறந்த ஆத்துமாக்களுக்காக மூன்று. தனி வேண்டுதல் ஒன்று. தாளைக் கிட்டத்தில் கொண்டுபோனார். நான் அப்போதே முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சனிக்கிழமைப் பூசை, வில்லியமும் மகள் லூயிசாவும் கேட்டுக்கொண்டபடி. வெரோனிகாவுக்கு அல்ஜீப்ரா நன்றாக வர வேண்டும்."

சாமியார் முகத்தில் ஒரு சலனம் இல்லை. கோயில் சும்மா இருக்குமா? சவேரியம்மா சிரித்த சிரிப்பு பீடம் வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்தில் இருந்த மகள் ஜெபப் புத்தகத்துக்குள் போய்விட்டாள். முக்காட்டை விலக்கி ஆண்கள் பக்கம் நேராகவே பார்த்தேன். இந்தத் தடவை அவர் சுரூபத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பூசைக்கு அவரே போகட்டும். சனிக்கிழமை காலையில் எனக்கு வகுப்பு இருக்கிறது.